மார்க் ஃபிஷர்: முதலாளித்துவமும் மனச்சோர்வும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனச்சோர்வு பற்றிப் பேச்சு எழுந்தால் மூளை வரும், மரபணு வரும், குழந்தைப் பருவம் வரும். வேலையும் கூலியும் கடனும் அந்தப் பேச்சில் வருவது அரிது. அவற்றை நடுவில் கொண்டுவந்து வைத்தவர்களில் ஒருவர் பிரிட்டனைச் சேர்ந்த பண்பாட்டுச் சிந்தனையாளர் மார்க் ஃபிஷர். அவரைப் படிக்கத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்கள் இவை.

மார்க் ஃபிஷர் யார்?

1968இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் பிறந்து லஃப்பரோவில் வளர்ந்தவர். தந்தை பொறியியல் துறையில் தொழில்நுட்பப் பணியாளர், தாய் துப்புரவுப் பணியாளர். இந்தக் குடும்பப் பின்னணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மீண்டும் வரும். ஹல் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் தத்துவமும் படித்தார். வாரிக் பல்கலைக்கழகத்தில் 1999இல் முனைவர் பட்டம் பெற்றார். பதினாறு வயதைத் தாண்டிய மாணவர்கள் பயிலும் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 2003இல் ‘கே-பங்க்’ என்ற வலைப்பதிவைத் தொடங்கி இசை, சினிமா, தொலைக்காட்சி, தத்துவம், அரசியல் எல்லாவற்றையும் பற்றி எழுதினார். 2009இல் வந்த ‘கேபிடலிஸ்ட் ரியலிசம்’ (முதலாளித்துவ யதார்த்தவாதம்) என்ற நூறு பக்கத்தைத் தொடாத நூல்தான் அவரை உலகறியச் செய்தது. பின்னாளில் லண்டனின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் கற்பித்தார். இளமையிலிருந்தே மனச்சோர்வோடு போராடிய அவர் 2017 ஜனவரி 13 அன்று, 48ஆம் வயதில், தற்கொலையால் இறந்தார்.

‘முதலாளித்துவ யதார்த்தவாதம்’ என்றால் என்ன?

முதலாளித்துவத்தை விட்டால் வேறு வழியே இல்லை, அப்படி ஒன்றைக் கற்பனை செய்யக்கூட முடியாது என்ற பரவலான உணர்வுக்கு அவர் தந்த பெயர் இது. முதலாளித்துவம் நல்லது என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. அது கொடியது என்று தாராளமாகச் சொல்லலாம், திட்டலாம், திரைப்படமாகக்கூட எடுக்கலாம். ‘ஆனால் வேறு என்ன செய்வது?’ என்று பெருமூச்சு விட்டால் போதும், அது நிம்மதியாக நடந்துகொண்டிருக்கும். முதலாளித்துவம் முடிவதைவிட உலகம் அழிவதைக் கற்பனை செய்வது எளிது என்று ஒரு வாசகம் உண்டு. அமெரிக்க விமர்சகர் ஃபிரெட்ரிக் ஜேம்சன், ஸ்லோவேனியத் தத்துவவாதி ஸ்லாவோய் ஷிஷெக் இருவர் பெயரிலும் அது வழங்குகிறது. ஃபிஷரின் நூல் அதிலிருந்து கிளம்புகிறது.

1979இல் பிரிட்டனின் பிரதமரான மார்கரெட் தாட்சர் ‘மாற்று வழி இல்லை’ என்பதையே முழக்கமாக்கியவர். 1984–85இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நீண்ட வேலைநிறுத்தம் தோற்றது. சுரங்கங்களைத் திறந்து வைத்திருப்பது பொருளாதார யதார்த்தத்துக்கு ஒவ்வாது என்று சொல்லித்தான் அவற்றை மூடினார்கள். எது யதார்த்தம் என்று தீர்மானிக்கும் உரிமையே ஒரு பக்கத்தின் கைக்குப் போன திருப்பமாக ஃபிஷர் அதைப் பார்க்கிறார்.

இதற்கும் மனநலத்துக்கும் என்ன தொடர்பு?

‘இதுதான் நடைமுறைக்கு உகந்த ஒரே ஏற்பாடு’ என்று ஓர் அமைப்பு சொல்லிக்கொண்டால் அது உண்மையிலேயே நடைமுறைக்கு உகந்ததா என்று பார்க்க வேண்டும் அல்லவா? அது பொய்த்துப்போகும் இடங்களாக அவர் மூன்றைச் சுட்டுகிறார். சுற்றுச்சூழல் அழிவு, மனநலம், பெருகிக்கொண்டே போகும் அலுவலகக் காகித வேலை. இத்தனை பேரை நோயாளிகளாக்கும் ஏற்பாட்டை எப்படி வெற்றிகரமானது என்பது? இதுதான் அவர் கேள்வி.

உளவியலாளர் ஆலிவர் ஜேம்ஸ் 2008இல் வெளியிட்ட நூலிலிருந்து அவர் சில எண்களை எடுத்தாள்கிறார். பிரிட்டனில் 1946இல் பிறந்த பெண்களில், 1982இல் 36 வயதில் கேட்டபோது, 16 சதவீதம் பேர் மனம் தளர்ந்திருப்பதாகவோ சோர்வு இருப்பதாகவோ சொன்னார்கள். 1970இல் பிறந்தவர்களிடம் 2000இல் 30 வயதில் கேட்டபோது அது 29 சதவீதம். ஆண்களில் 8 சதவீதம் 13 ஆனது. இவை மக்கள் தாங்களே சொன்ன பதில்கள். பதினெட்டு ஆண்டுகளில் சோர்வை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் துணிவும் கூடியிருக்கலாம். அந்த ஐயம் நியாயமானது. ஆனால் ஃபிஷரின் வாதம் இந்த எண்களை மட்டும் நம்பி நிற்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதன் பலம் அடுத்த பதிலில் இருக்கிறது.

மூளையில் வேதிப்பொருள் குறைவதுதானே மனச்சோர்வுக்குக் காரணம்?

எந்த மனநிலையும் மூளையில் ஏதோ ஒரு வடிவில் நிகழத்தான் செய்யும். இதை ஃபிஷர் மறுக்கவே இல்லை. ஆனால் எங்கே நிகழ்கிறது என்பது வேறு, எதனால் நிகழ்கிறது என்பது வேறு. மனச்சோர்வு என்பது செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளின் குறைவே என்று வைத்துக்கொண்டாலும், இவருக்கு ஏன் குறைந்தது, இந்தக் காலத்தில் ஏன் இத்தனை பேருக்குக் குறைகிறது என்ற கேள்வி அப்படியே மிச்சமிருக்கிறது. காய்ச்சல் என்பது உடல் வெப்பம் கூடுவது என்று சொல்லிவிட்டால் காய்ச்சல் ஏன் வந்தது என்று சொன்னதாகுமா?

செரட்டோனின் குறைவு என்ற விளக்கமே இன்று முன்போல் உறுதியாக இல்லை. அதற்குச் சீரான சான்று இல்லை என்று பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜோனா மோன்கிரீஃப் குழுவினர், பழைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து ஆராய்ந்து, 2022இல் எழுதினார்கள். அதை மறுத்த மனநல மருத்துவர்களும் உண்டு. மருந்து பயன் தருகிறதா என்பது இதிலிருந்து தனியான கேள்வி. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

‘மன அழுத்தத்தின் தனியார்மயம்’ என்று சொல்கிறாரே?

அவருடைய சிந்தனையிலேயே மிகப் பயனுள்ள சொல் இதுதான் என்பது என் கருத்து. ரயிலையும் தண்ணீரையும் தனியார்மயமாக்குவதுபோல் வேதனையையும் தனியார்மயமாக்கிவிட்டார்கள் என்கிறார் அவர்.

ஒரு கிடங்கை எண்ணிப் பாருங்கள். வாரந்தோறும் ஷிஃப்ட் மாறுகிறது. அடுத்த வாரம் பகலா இரவா, எத்தனை மணி நேரம் என்பது ஞாயிற்றுக்கிழமை இரவுதான் தெரியவரும். அங்கே வேலை செய்யும் ஒருவருக்குத் தூக்கம் கெடுகிறது, எரிச்சல் வருகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது. மருத்துவரிடம் போகிறார், தூக்க மாத்திரை கிடைக்கிறது. அடுத்த மாதம் அதே கிடங்கிலிருந்து இன்னொருவர் இன்னொரு மருத்துவரிடம் போகிறார். பிறகு மூன்றாமவர். பத்துப் பேருக்குப் பத்து மருந்துச் சீட்டு. பத்தும் தனித்தனிக் கோப்புகளில் பத்திரமாக இருக்கும். ஷிஃப்ட் அட்டவணையை மட்டும் யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். தன்னைப் போலவே இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்பது அந்தப் பத்துப் பேருக்கே தெரியாது.

முன்பு இதே குறை தொழிற்சங்கக் கூட்டத்தில் பொதுக்குறையாக எழுந்திருக்கும். சங்கம் நொறுங்கிய இடத்தில் அது ஒவ்வொருவரின் உடலுக்குள்ளும் போய் நோயாகத் தங்குகிறது. பொதுவில் பேச வேண்டியதை மருந்தகத்தில் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மருந்து செய்பவருக்கு அது சந்தையாகிறது, அட்டவணை போட்டவருக்கு நிம்மதியாகிறது. காரணத்தைத் தனக்குள்ளேயே தேடித் தேடிக் களைத்துப்போகிறவர் நோயாளி ஒருவர்தான்.

இதற்குப் பின்னால் வேலையின் இயல்பே மாறிய வரலாறு இருக்கிறது. பொருளியலாளர் கிறிஸ்டியன் மராட்சி அந்த மாற்றத்துக்கு ஒரு தேதியே குறிக்கிறார்: 1979 அக்டோபர் 6. அமெரிக்க மைய வங்கி பணவீக்கத்தை அடக்க வட்டிவிகிதம் விண்ணுக்கு ஏற வழிவிட்ட நாள். பொருளாதாரத்தின் போக்கு அன்றிலிருந்து திரும்பியது என்பது அவர் கணிப்பு. நிலையான வேலை, ஒரே ஊர், ஓய்வூதியம் என்ற வாழ்க்கை போய் ‘நெகிழ்வாக இரு’ என்ற கட்டளை வந்தது. ஃபிஷர் இதை எடுத்துக்கொண்டு கேட்கிறார்: நிரந்தரமான எதையும் நம்ப முடியாத வாழ்க்கைக்கு நரம்புகள் எப்படிப் பழகும்?

ஆனால் அவர் பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகள் ஒரே தொழிற்சாலையில் ஒரே திருகாணியை முடுக்கும் வாழ்க்கையை அன்றைய தொழிலாளர்களே வெறுத்தார்கள் என்று அவர் நினைவூட்டத் தவறுவதில்லை.

‘மனமிருந்தால் மார்க்கமுண்டு’ என்பது தவறா?

ஒருவரைத் தட்டிக்கொடுக்கச் சொன்னால் நல்ல சொல். அதையே சமூகத்தின் சட்டமாக்கினால் கொடுமை. மார்க்கம் கிடைக்காதவனுக்கு மனமே இல்லை என்று பழி போட அது வசதியாகிவிடும். இந்த மனப்போக்கைச் சுட்ட, பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் ஸ்மெயில் ஒரு சொற்றொடரைப் பயன்படுத்தினார். ‘மந்திர விருப்பாற்றல்’ என்று தமிழில் சொல்லலாம். நினைத்தால் எவரும் எதுவும் ஆகலாம் என்ற நம்பிக்கை. ஃபிஷர் அதை வரித்துக்கொண்டு, இக்காலத்தின் அறிவிக்கப்படாத மதம் இதுதான் என்கிற அளவுக்குப் போகிறார். தொலைக்காட்சி நிபுணர், நிர்வாகப் பயிற்சியாளர், அரசியல்வாதி எல்லோரும் ஓதுவது இந்த ஒரே வேதத்தை.

மாணவர்களைப் பற்றி அவர் எழுதியது என்ன?

கல்லூரி வகுப்பறையில் தான் பார்த்ததை அவர் எழுதிய பக்கங்கள் இன்றும் சுடுகின்றன. ஒரு மாணவன் எப்போதும் ஹெட்போன் மாட்டியபடியே வகுப்பில் இருப்பான். ஏன் என்று கேட்டால், ‘பாட்டு எதுவும் ஓடவில்லை, அதனால் என்ன?’ என்பான். இன்னொரு நாள் ஹெட்போன் காதில் இராது, அதில் பாட்டு மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். அணைக்கச் சொன்னால், ‘எனக்கே கேட்கவில்லையே’ என்பான். பாட்டு கேட்பது அவனுக்குப் பொருட்டே இல்லை. அந்தத் தொடர்பு அறுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மனச்சோர்வு என்றால் எதிலும் இன்பம் காண முடியாமை என்றுதான் பாடநூல்கள் சொல்லும். ஃபிஷர் கண்டது தலைகீழ். இன்பத்தைத் தேடுவதைத் தவிர வேறெதையும் செய்ய முடியாத சோர்வு. ஏதோ ஒன்று குறைகிறது என்று உள்ளுக்குள் தெரிகிறது. ஆனால் கையிலிருக்கும் சின்னச் சின்ன இன்பங்களுக்கு அப்பால் போனால்தான் அது கிடைக்கும் என்பது தெரிவதில்லை. இதை அவர் எழுதிய ஆண்டு 2009. கைபேசி இன்று இருப்பதில் பாதி அளவுகூட நம் நேரத்தை அப்போது விழுங்கத் தொடங்கவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு நிலையும் உண்டு. உலகம் சரியில்லை என்று அந்த மாணவர்களுக்குத் தெரியும். தங்களால் எதுவும் செய்ய முடியாது என்பதும் ‘தெரியும்’. அப்படித் தெரிந்திருப்பதே எதையும் செய்யவிடாமல் அவர்களைக் கட்டிப்போடுகிறது. எதுவும் செய்யாததால் எதுவும் மாறுவதில்லை, ஆகவே தாங்கள் நினைத்தது சரிதான் என்று ஆகிவிடுகிறது. தமிழில் இதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று ஆயத்தமாக இருக்கிறது. தலைவனை இழந்தவர்களின் புலம்பலுக்குப் புறத்திணை வைத்த பெயர், கையறுநிலை. இங்கே இழந்தது எதிர்காலத்தை.

இவர்களைச் சோம்பேறிகள் என்று ஃபிஷர் ஒரு வரியிலும் சொல்லவில்லை. பிரிட்டனில் பதின்பருவத்தில் இருப்பதே ஒரு நோயாக வகைப்படுத்தப்படும் நிலை வந்துவிட்டது என்று வருந்துகிறார்.

வேலையிடத்தைப் பற்றி?

சந்தை வந்தால் காகித வேலை குறையும் என்றார்கள். குறையவில்லை. ஆசிரியர் கற்பிப்பதைவிடக் கற்பித்ததாகப் பதிவு செய்வதில் அதிக நேரம் செலவழிக்கிறார். தன்னைத் தானே மதிப்பிட்டுப் படிவம் நிரப்புகிறார். அடுத்த தணிக்கைக்குள் இன்னும் மேம்பட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். ஃபிஷர் இதைச் ‘சந்தை ஸ்டாலினியம்’ என்றார். ஸ்டாலின் காலத்தில், 1931 முதல் 1933 வரை, கைதிகளைக் கொண்டு வெட்டிய வெண்கடல் கால்வாயை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். உலகுக்குக் காட்டும் அவசரத்தில் வெட்டியதால் பெரிய கப்பல்கள் போக முடியாத ஆழமே அதற்கு வாய்த்தது. சாதனையைவிடச் சாதனையின் சின்னமே முக்கியமாகிப்போவது சோவியத்துக்கு மட்டும் உரிய நோய் அன்று.

‘உதவாக்கரை’ என்று ஒரு கட்டுரை எழுதினாராமே?

2014இல் எழுதியது. ‘குட் ஃபார் நத்திங்’ என்ற அதன் தலைப்புக்குத் தமிழில் ‘உதவாக்கரை’யைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. அவரிடம் ஒன்றே ஒன்றைத்தான் படிக்கப்போகிறேன் என்பவருக்கு இதைத்தான் கொடுப்பேன்.

தன் மனச்சோர்வு எப்போதும் ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற உறுதியோடு பிணைந்தே வந்தது என்று அவர் அதில் எழுதுகிறார். வேலை இல்லாதபோது அப்படித் தோன்றியது. வேலை கிடைத்தபோது, இந்த வேலைக்குத் தான் தகுதியில்லை என்று தோன்றியது. மனநல மருத்துவமனையில் படுத்திருந்தபோதும், தான் உண்மையில் நோயாளியே அல்ல, வேலையிலிருந்து தப்பிக்க நடிக்கிறோம் என்று தோன்றியது. படிக்கும்போது நான் புத்தகத்தை மூடி வைத்த இடம் அதுதான். எந்தக் கதவைத் திறந்தாலும் உள்ளே அதே குரல் காத்திருக்கிறது.

அந்தக் குரல் யாருடையது? ஃபிஷரின் பதில் துணிச்சலானது. அது மூளை பிழையாகப் பேசும் பேச்சு மட்டும் அன்று. சமூகம் வெளியிலிருந்து சொன்னது உள்ளே குடியேறிவிட்டது. தொழிலாளர் வீட்டில் பிறந்தவனிடம் ‘இது உன் இடமல்ல’ என்று ஆயிரம் நுண்ணிய வழிகளில் சொல்லப்படுகிறது. படித்து மேலே வந்த பிறகும், நாற்காலியில் அமர்ந்த பிறகும், யாரோ வந்து எழுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் போவதில்லை. வர்க்கத்தின் முத்திரை அழியாதபடிக்கே குத்தப்படுகிறது என்ற டேவிட் ஸ்மெயிலின் கருத்தை அவர் இங்கே துணைக்கு அழைக்கிறார். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன குடும்பப் பின்னணி இதற்காகத்தான்.

இப்படிச் சொல்வதால் வலி குறையுமா? முழுவதும் குறையாது. ஆனால் அந்தக் குரல் தன்னுடையது அல்ல என்று அடையாளம் காண்பது அதற்கு எதிராகப் பேச இடம் தருகிறது. பத்து ஆண்டுகள் உள்நோக்கித் திரும்பியிருந்த கோபம் முதல்முறையாக வேறு பக்கம் பார்க்கிறது.

அவருக்கு முன்பு இதை யாரும் சொல்லவில்லையா?

சொன்னார்கள். தற்கொலைக்குச் சமூகக் காரணங்கள் உண்டு என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897லேயே எழுதினார். ஆஸ்திரியாவின் மரியன்தால் என்ற சிற்றூரில் துணி ஆலை மூடியபின் சமூக உளவியலாளர் மேரி யகோடாவும் அவர் தோழர்களும் ஊரையே ஆராய்ந்து 1933இல் வெளியிட்ட நூல் இன்றும் படிக்கத் தக்கது. வேலை போனவர்களுக்கு நேரம் ஏராளமாக இருந்தது, ஆனாலும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. நடை மெதுவானது. ஆண்களில் பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டார்கள். 1960களில் ஆர்.டி. லேங் போன்ற மனநல மருத்துவர்கள் மனநோயை அரசியலாகப் பார்த்தார்கள், ஆனால் அவர்களின் கவனம் பெரும்பாலும் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) போன்ற தீவிர நிலைகள் மீது இருந்தது. எங்கும் காணப்படும் மனச்சோர்வையும் பதற்றத்தையும் அரசியலாக்குவதுதான் இன்று அவசரம் என்றார் ஃபிஷர். அவருடைய தனிப் பங்களிப்பு அதுதான்.

மருந்தும் சிகிச்சையும் வேண்டாம் என்கிறாரா?

இல்லை. அவரே சிகிச்சை பெற்றவர். வீட்டுக்கூரை ஒழுகினால் கூரையையும் பார்க்க வேண்டும், நனைந்தவருக்குத் தலையும் துவட்ட வேண்டும். தற்கொலை எண்ணமோ தாங்க முடியாத துயரமோ இருந்தால் தத்துவ நூலைத் தேடாதீர்கள். நம்பும் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள், மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ பேசுங்கள்.

அவர் வாதத்தில் பலவீனமே இல்லையா?

உண்டு. ஒரு நாட்டின், ஒரு காலகட்டத்தின் அனுபவத்திலிருந்து மிகப் பெரிய முடிவுகளுக்குத் தாவுகிறார். முதலாளித்துவம் வருவதற்கு முன்பும் மனிதர்கள் சோர்ந்தார்கள், சோவியத் நாட்டிலும் சோர்ந்தார்கள், செல்வர்களும் சோர்கிறார்கள். இருமுனைக் கோளாறு, ஸ்கிசோஃப்ரினியா போன்றவற்றில் பரம்பரையின் பங்கு பெரிது. மனச்சோர்வுக்குப் பொருந்தும் விளக்கத்தை அங்கே அப்படியே நீட்ட முடியாது. ஒரே வேலையிடத்தில் ஒருவர் உடைகிறார், பக்கத்தில் இருப்பவர் உடைவதில்லை. அதற்கு ஃபிஷரிடம் போதுமான பதில் இல்லை. ஆனால் எல்லாம் சமூகத்தால்தான் என்று நிறுவ அவர் முயலவில்லை. சமூகக் காரணத்தைக் கேட்கவே கூடாது என்ற வாய்ப்பூட்டை உடைக்க முயன்றார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வைத் தன் நோய்ப் பட்டியலில் விளக்கியபோது, அதை நோய் என்று சொல்லாமல் வேலை சார்ந்த நிகழ்வு என்றே குறித்தது. அந்தச் சிறு சொல்மாற்றத்தில் ஃபிஷர் கேட்ட கேள்வியின் சாயலைக் காண்கிறேன்.

அவரே தற்கொலையால் இறந்தாரே, அப்படியானால் அவர் கருத்துகள் தோற்றவை அல்லவா?

இந்தக் கேள்வி என்னைப் புண்படுத்துகிறது, ஆனாலும் பலர் கேட்கிறார்கள். நீரிழிவு ஆராய்ச்சியாளர் நீரிழிவால் இறந்தால் அவர் ஆராய்ச்சி பொய்யாகிவிடுமா? அவர் மரணத்தை எழுத்தின் முடிவுரைபோல் படிப்பதும் தவறு, அதை முதலாளித்துவத்துக்கு எதிரான சான்றாக உயர்த்திப் பிடிப்பதும் தவறு. அது ஒரு குடும்பத்தின் இழப்பு. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் இருப்பதில்லை.

பிறகு என்னதான் செய்யச் சொல்கிறார்?

திட்டம் என்று எதையும் அவர் தரவில்லை. கடைசி ஆண்டுகளில் 1960, 70களின் பெண்கள் இயக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். சில பெண்கள் ஒரு வீட்டில் கூடி, தத்தம் வாழ்க்கையைப் பேசுவார்கள். தன் குறை என்று ஒவ்வொருத்தியும் மறைத்து வைத்திருந்தது எல்லோருக்கும் இருக்கிறது என்று அப்போது தெரியவரும். வெட்கம் கோபமாகும், கோபம் கோரிக்கையாகும். கிடங்கின் பத்துப் பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து தூக்கத்தைப் பற்றிப் பேசினால் அதுவும் இதே வேலைதான். ‘ஆசிட் கம்யூனிசம்’ என்று அவர் எழுதத் தொடங்கி முன்னுரையோடு நின்றுபோன நூலும் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தது.

எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

முதலில் ‘உதவாக்கரை’ கட்டுரை. பிறகு 2009இன் சிறு நூல். இசையில் நாட்டமுள்ளவர்கள் 2014இல் வந்த ‘கோஸ்ட்ஸ் ஆஃப் மை லைஃப்’ தொகுப்புக்குப் போகலாம், மனச்சோர்வும் தொலைந்துபோன எதிர்காலங்களும் அதன் மையம். 2018இல் வந்த ‘கே-பங்க்’ பெருந்தொகுப்பு மிகத் தடிமன், வரிசையாகப் படிக்க வேண்டாம், எங்கே திறந்தாலும் நுழையலாம். அந்த நின்றுபோன முன்னுரை அதில்தான் இருக்கிறது.